முதல்ல ஓடட்டும், அப்புறம் மினுக்கலாம்: பழைய பைக் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல புல்லட், அடுத்து எஸ்டி (மைசூர் யெஸ்டி பைக்), அப்புறம் வழக்கம்போல யமஹா ஆர்எக்ஸ் 100. ஒரே மாதிரி கேள்விகளை ஒண்ணா சேத்துட்டேன், உங்க கேள்வி வரலேன்னு கோச்சுக்காதீங்க, பதில் எங்கயாவது உள்ள இருக்கும்.

தாத்தாவோட புல்லட், 1974 மாடல், மாட்டுக்கொட்டகைல 15 வருஷமா நிக்குது. தாத்தா இப்ப இல்ல. எங்க ஊர் பெயின்டர் பத்தே நாள்ல ஷோரூம் வண்டி மாதிரி ஆக்கித் தர்றேங்கிறார். முதல்ல பெயின்ட் அடிச்சிட்டு அப்புறம் மெக்கானிக்கிட்ட விடலாமா?
(வாசகர், திண்டுக்கல் பக்கம்)

வேண்டாம் தம்பி. பெயின்ட் அடிச்ச வண்டிய மெக்கானிக் கழட்டும்போது ஸ்பேனர் வழுக்கி ஒரு கீறு விழும் பாருங்க, அன்னைக்கு ரெண்டு பேருக்கும் சண்டை வரும். பெட்ரோல் ஒழுகி டேங்க் பெயின்ட் உப்பும், சைலன்சர் சூட்டுல கிட்ட இருக்கற பெயின்ட் மஞ்சளடிக்கும், கடைசில திரும்பவும் அதே பெயின்டர்கிட்ட போய் நிப்பீங்க. முதல்ல வண்டி அழுக்கோட ஓடணும். ஒரு 500 கிலோமீட்டர் ஓட்டி எங்க ஒழுகுது எங்க சத்தம் வருதுன்னு பாத்து சரி பண்ணிட்டு, அப்புறம் மொத்தமா கழட்டி பெயின்ட்டுக்கு குடுங்க.

இன்னொண்ணு, ஆர்வத்துல போன உடனே கிக்கரை மிதிச்சிடாதீங்க. 15 வருஷம் நின்ன இன்ஜின்ல பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோட ஒட்டிக்கிட்டு இருக்கும், பலமா மிதிச்சா ரிங் உடையும், இல்ல கிக்கர் பல்லு போகும். பிளக்கை கழட்டுங்க, அந்த ஓட்டை வழியா டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிக்கு பாதி கலந்து ஒரு ரெண்டு மூடி ஊத்தி, துணி அடைச்சு மூணு நாள் விட்ருங்க. நாலாவது நாள் வண்டிய ஸ்டாண்டுல போட்டு டாப் கியர்ல வெச்சு பின் சக்கரத்தை கையால முன்னும் பின்னுமா மெதுவா ஆட்டுங்க. அசைஞ்சா பாதி வேலை முடிஞ்சுது, அசையலேன்னா இன்னும் ரெண்டு நாள் ஊற விடுங்க, சுத்தியல் மட்டும் எடுத்துடாதீங்க.

அடுத்து ஆயில். பழைய புல்லட்ல ஆயில் டேங்க் தனியா தொங்காது, இன்ஜின் கேஸுக்குள்ளயே பின்பக்கம் ஒரு அறை, அதுதான் டேங்க். நின்னுக்கிட்டே இருந்தா ஆயில் பம்பு வழியா மெதுவா கசிஞ்சு கிராங்க் இருக்கற கிணத்துக்குள்ள இறங்கிடும், வெட் சம்பிங்னு சொல்லுவாங்க. ஆயில் அளவு குறையா இருக்கேன்னு மேல மேல ஊத்தி ஸ்டார்ட் பண்ணா புகைமூட்டம் கிளம்பி பிரீதர் பைப் வழியா ஆயில் கொப்பளிக்கும், தெருவே வந்து நிக்கும். அதனால கீழ இருக்கற ரெண்டு பிளக்கையும் கழட்டி பழசை மொத்தமா வடிச்சிட்டு, ஃபில்டர் மாத்தி, 20டபிள்யூ50 புதுசா ஊத்துங்க. டேப்பட்டை, அதாவது வால்வு இடைவெளிய, ஆறின இன்ஜின்ல பாக்கணும், வால்வை தள்ற கம்பிதான் புஷ்ராடு, அது விரல்ல உருட்டுனா உருளணும், மேல கீழ ஆட்டம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. பாயின்ட்டை, அதாவது பிளக்குக்கு ஸ்பார்க் கிளப்பற சின்ன ஸ்விட்ச்சை, 600 நம்பர் எமெரி பேப்பர்ல லேசா தேய்ச்சு, இடைவெளி 15 தௌ வைங்க, அதாவது 0.38 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லேன்னா வாங்குங்க, பிளேடு வெச்சு குத்துமதிப்பா வைக்கற பழக்கத்தை அந்த காலத்து ஆளுங்களோடயே விட்ரலாம்.

டேங்க்ல துரு இருக்கும், இல்லாம இருக்காது. ஒரு கைப்பிடி நட்டு போல்ட்டோ ஒரு துண்டு பழைய செயினோ உள்ள போட்டு வினிகர் ஊத்தி குலுக்குங்க, ஒரு நாள் ஊறட்டும், அப்புறம் சோடா மாவு தண்ணில கழுவி வெயில்ல நல்லா காய வைங்க. செயினை கம்பில கட்டிப் போடுங்க, நான் கட்டாம போட்டு அதை வெளிய எடுக்க ஒரு சாயங்காலம் முழுக்க டேங்கை தலைகீழா பிடிச்சு குலுக்கிக்கிட்டு இருந்தேன்.

டயர்ல பட்டன் இருக்கேன்னு நம்பாதீங்க. பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். அந்த நம்பரே இல்லாத அளவுக்கு பழசா இருந்தா கேள்வியே கேக்காம மாத்திருங்க.

பெயின்ட்டுக்கு கழட்டறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, பேப்பர். தாத்தா பேர்ல ஆர்சி இருந்தா வாரிசு சான்றிதழும் இறப்பு சான்றிதழும் வெச்சு ஃபார்ம் 31 போட்டு உங்க பேருக்கு மாத்தணும், முடிஞ்ச ஆர்சிய புதுப்பிக்க ஃபார்ம் 25. ஒவ்வொரு தடவையும் 5 வருஷத்துக்கு குடுப்பாங்க, பசுமை வரியும் உண்டு, லேட் ஆன மாசத்துக்கெல்லாம் சேத்து கட்டணம் ஏறும். வண்டிய கழட்டிப் போட்டுட்டு ஆர்டிஓ ஆபீசுக்கு போகாதீங்க, ஏன்னா இன்ஸ்பெக்டர் ஓடுற நிலைல வண்டிய பாக்கணும்.

என் வண்டிக்கு சேஸ் நம்பர் தெளிவா தெரியல, ஆனா மெக்கானிக் "அதெல்லாம் புதுசா பன்ச் பண்ணிக்கலாம்"ங்கிறார். பண்ணலாமா?
(வாசகர், ஈரோடு)

பண்ணாதீங்க. நீங்களா பன்ச் பண்ணா அது திருட்டு வண்டி வேலை மாதிரிதான் தெரியும், கேஸ் ஆனா உங்க பக்கம் ஒரு பதிலும் இருக்காது.

இதுல நானே அடிபட்டவன். பல வருஷத்துக்கு முன்னாடி என்னோட எஸ்டி சேஸை சாண்ட் பிளாஸ்ட் பண்ணி பவுடர் கோட்டிங் அடிக்கக் குடுத்தேன், நம்பர் இருக்கற இடத்துல டேப் ஒட்டுங்கன்னு சொன்னேன், சரி சார்னாங்க. திரும்ப வந்தப்போ சேஸ் கருங்கல் சிலை மாதிரி பளபளன்னு இருந்துது, கழுத்துப் பக்கம் தடவிப் பாத்தா வழவழன்னு இருக்கு, நம்பரக் காணோம். பன்ச் பண்ண குழிக்குள்ள பூரா கோட்டிங் போய் உக்காந்துருச்சு. ஆர்டிஓ ஆபீஸ்ல பேப்பரை வெச்சு பென்சில்ல தேய்ச்சா வெறும் கருப்பு, நம்பரோட வெள்ளைக் கோடு ஒண்ணுகூட விழல. வீட்டுக்கு வந்து பெயின்ட் ரிமூவர் தடவி பழைய டூத்பிரஷ்ல மணிக்கணக்கா தேய்ச்சு எடுத்ததுக்கு அப்புறம்தான் கடைசி ரெண்டு எண் மங்கலா வந்துது. அன்னைல இருந்து எந்த வண்டி கைக்கு வந்தாலும் முதல் வேலை பென்சில் பிரிண்ட் எடுத்து ஃபைல்ல போடறது, அப்புறம் நம்பர் மேல கிரீஸ் தடவி ரெண்டு சுத்து டேப், அதையும் நானே ஒட்டிதான் கடைக்கு அனுப்புவேன்.

உங்க கேஸ்ல முதல்ல மண்ணெண்ணெய், அப்புறம் ரிமூவர், நிதானமா தேய்ங்க. கிரைண்டர் பக்கமே போகாதீங்க. அப்பவும் தெரியலேன்னா ஆர்டிஓகிட்ட எழுதிக் குடுத்து அவங்க சொல்ற வழில போங்க.

புல்லட் கிக்கர் திருப்பி அடிக்குது. முழங்கால் வீங்கிப்போச்சு. வீட்டுல வித்துருங்கிறாங்க.
(வாசகர், கும்பகோணம்)

வண்டி உங்களை அடிக்கல, நீங்க தப்பான நேரத்துல மிதிக்கறீங்க. 346 சிசி, 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் அகலம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்), அவ்வளவு நீள ஸ்ட்ரோக்குள்ள பிஸ்டன் பாதி வழில இருக்கறப்ப அரைகுறையா மிதிச்சா, மேல போய்ச் சேர்றதுக்குள்ள வெடிச்சு திருப்பி தள்ளும்.

உங்க ஹெட்லைட் மேல ஆம்பியர் மீட்டர் இருக்குல்ல, அது பேட்டரிக்கு மட்டும் இல்ல, உங்க முழங்காலுக்கும் சேத்துதான். சாவி போடுங்க. முள்ளு மைனஸ் பக்கம் சாஞ்சு நிக்கும், அப்படின்னா பாயின்ட் மூடியிருக்குன்னு அர்த்தம். இப்ப கிக்கரை மெதுவா காலால அழுத்திக்கிட்டே வாங்க, மிதிக்காதீங்க, ஒரு இடத்துல இறுகி நிக்கும், முள்ளும் நடுவுக்கு வந்துரும். அதுதான் இடம். இப்ப டீகம்ப்ரஸர் லீவரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளிய விடறது) பிடிச்சுக்கிட்டு கிக்கரை ரெண்டு அங்குலம் மட்டும் தள்ளுங்க, லீவரை விட்ருங்க, கிக்கரை மேல வர விட்டு, அப்புறம் உடம்பு எடை முழுக்க போட்டு அடிவரைக்கும் ஒரே மிதி. ஆக்சிலேட்டரை தொடாதீங்க. பாதில கால எடுக்காதீங்க.

இப்படி பண்ணியும் அடிச்சா டைமிங் அட்வான்ஸா இருக்கு, அதாவது ஸ்பார்க் சீக்கிரமே வருது, மெக்கானிக்க பாக்க சொல்லுங்க. செருப்பு போட்டுக்கிட்டு புல்லட் ஸ்டார்ட் பண்றத மட்டும் இன்னைக்கே நிறுத்துங்க.

அப்பாவோட எஸ்டிய ரெடி பண்ணேன். புது பிஸ்டன், சிலிண்டரை கடைஞ்சு புது போர், கார்ப்பரேட்டர் கிட் எல்லாம் போட்டாச்சு. ஆனாலும் வெள்ளைப் புகை நிக்கல. சூடானதும் ஐடிலிங் தானா ஏறுது, ஒரு தடவை பிஸ்டன் பிடிச்சு சீஸும் ஆயிடுச்சு. மெக்கானிக் மறுபடியும் போர் பண்ணணும்ங்கிறார்.
(வாசகி, சேலம்)

ஏம்மா, போர் பண்ண காச அவரே திருப்பிக் குடுப்பாரான்னு கேளுங்க முதல்ல. உங்க வியாதி பிஸ்டன்ல இல்ல, கிராங்க் ஆயில் சீல்ல இருக்கு.

டூ ஸ்ட்ரோக்ல இத புரிஞ்சுக்கிட்டா பாதி மெக்கானிக் ஆயிடலாம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின்ல கிராங்க் கேஸ்ங்கிறது ஆயில் தொட்டி. டூ ஸ்ட்ரோக்ல அதுவே ஒரு பம்பு. பிஸ்டன் மேல போறப்ப அந்த அறை பெட்ரோலும் காத்தும் கலந்தத உறிஞ்சும், கீழ வர்றப்ப அதை அமுக்கி சிலிண்டருக்குள்ள தள்ளும். அப்ப அந்த அறை காத்து புகாம அடைச்சு இருக்கணும்ல? கிராங்க் ரெண்டு பக்கமும் வெளிய வர்ற இடத்துல அந்த அடைப்பு வேலைய பண்றது நகத்தளவு உதடு வெச்ச ரெண்டு ரப்பர் வளையம்தான். இருபது வருஷத்துல அது காஞ்சு பிளாஸ்டிக் மாதிரி ஆயிடும்.

கிளட்ச் பக்கம் சீல் போனா கியர் ஆயிலை உறிஞ்சு எரிக்கும், வெள்ளைப் புகை, ஒரு மாதிரி கருகின வாடை, வாரா வாரம் கியர் ஆயில் அளவு குறையும், ஆனா கீழ ஒரு சொட்டு ஒழுகியிருக்காது. டைனமோ பக்கம் சீல் போனா காத்தை இழுக்கும். கூடுதல் காத்து வந்தா பெட்ரோல் பத்தாது, பெட்ரோல் பத்தலேன்னா அதுல கலந்து வர்ற டூடி ஆயிலும் பத்தாது, இன்ஜின் சூடேறி ஐடிலிங் தானா ஏறும், பிளக் வெளுத்துப் போகும், கடைசில பிஸ்டன் பிடிக்கும். நீங்க சொன்ன மூணும் இதுல வந்துருச்சா? ரெண்டு சீலையும் மாத்துங்க, கையோட கிராங்க் பேரிங் ஆட்டத்தையும் பாத்துருங்க. சீல் விலை நீங்க போர் பண்ண செலவுல ஒரு ஓரத்துக்குக்கூட வராது.

ஆயில் லிட்டருக்கு 40 மில்லி அளந்து ஊத்துங்க. "கொஞ்சம் தாராளமா ஊத்துனா இன்ஜினுக்கு நல்லது"ன்னு ஊத்துனா சைலன்சர் ரெண்டும் கரி பிடிச்சு அடைச்சுக்கும், வண்டி இழுக்காது. அடைச்சிருந்தா உள் குழலை உருவி காஸ்டிக் சோடா தண்ணில ஊற வைங்க, கண்ணாடியும் கிளவுஸும் போட்டுக்கிட்டு. அதே தண்ணில அலுமினிய பார்ட் எதையும் போட்ராதீங்க, கரைஞ்சு போயிடும்.

உங்க வண்டி மைசூர்ல ஐடியல் ஜாவா கம்பெனி போட்டது. 61ல ஆரம்பிச்சப்ப ஜாவாங்கிற பேர்ல வந்துது, அப்புறம் எஸ்டி ஆச்சு, 96ல கம்பெனிய மூடிட்டாங்க. ஆனாலும் ஜூலை மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை ஊர் ஊருக்கு ஜாவா எஸ்டி நாள்னு கூட்டம் கூடுது. போய் நில்லுங்க, வண்டிய நிறுத்துன அஞ்சு நிமிஷத்துல நாலு பேர் வந்து கார்ப்பரேட்டரை பாப்பாங்க, கூப்பிடவே வேண்டாம். கியர் லீவரையே உள்ள தள்ளி மேல தூக்கி கிக்கர் ஆக்கறத அங்க சின்னப் பசங்க வாயப் பொளந்து பாக்கறது தனி சந்தோஷம்.

50 வருஷ வண்டிக்கு விஏ நம்பர் (விண்டேஜ் வண்டி நம்பர்) குடுக்கறாங்களாமே, போட்டா கெத்தா இருக்குமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

கெத்தா இருக்கும், ஆனா ஓட்ட முடியாது. 2021ல வந்த மத்திய அரசு விதி அது. முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், சேஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் பண்ணியிருக்கக் கூடாது. புது பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷத்துக்கு செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனா அந்த வண்டிய கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, சர்வீஸ் விட, இதுக்குதான் ரோட்டுல எடுக்கலாம். தினமும் ஆபீஸ் போகவோ பால் வாங்கப் போகவோ கூடாது.

உங்ககிட்ட எம்எஸ், எம்டி, டிஎம்னு ஆரம்பிக்கற பழைய மூணெழுத்து நம்பர் உயிரோட இருந்தா சாதாரண ஆர்சிய புதுப்பிச்சுக்கிட்டு ஓட்டுங்க. அந்த பழைய நம்பரைவிடவா புது நம்பர் கெத்து? வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்த வண்டின்னா விஏ பத்தி யோசிக்கலாம். டிவிஎஸ் 50க்கும் இது உண்டான்னு ஒரு தம்பி கேட்டிருக்கார், அது வந்ததே 1980, அதனால 2030 வரைக்கும் பொறுத்துக்கோங்க.

ஆர்எக்ஸ் 100, "ஜப்பான் இன்ஜின், ஃபுல் ஸ்டாக்"னு ஒருத்தர் லட்சத்துக்கு மேல சொல்றார். வாங்கலாமா?
(வாசகர், மதுரை)

ஊர்ல இருக்கற எல்லா ஆர்எக்ஸ்சும் ஜப்பான் இன்ஜின்தான், விக்கறவங்க வாய்ல. உண்மைல 85 கடைசில வந்த ஆரம்ப வண்டிங்கதான் ஜப்பான் பார்ட்ஸ் வெச்சு இங்க மாட்டினது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எல்லாமே இங்கயே போட ஆரம்பிச்சு 96 வரைக்கும் ஓடுச்சு. ஆர்சில 92ன்னு இருந்து வாய்ல ஜப்பான்னு வந்தா சிரிச்சிட்டு அடுத்த கேள்விக்கு போங்க.

98 சிசி, 11 குதிரை சக்தி, நூறு கிலோ சுமார் எடை, அதான் அந்த வண்டியோட ரகசியம், மந்திரம் ஒண்ணும் இல்ல. நீங்க பாக்க வேண்டியது ஆர்எக்ஸ் 135 வண்டியோட பிளாக்கை (சிலிண்டரை) மாட்டி வெச்சிருக்காங்களா, சைலன்சரை உள்ள வெட்டியிருக்காங்களா, சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்சியோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகுதா. வண்டிய பாக்க போறதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வெக்காதீங்கன்னு சொல்லிட்டு போங்க. போய் இன்ஜினை தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா ஏதோ மறைக்கறார். குளிர்ந்த இன்ஜின் ரெண்டாவது மிதில பிடிக்கணும்.

ஆர்சி ஒரிஜினல் இல்லாம ஜெராக்ஸ் மட்டும் காட்டுனா டீ குடிச்சிட்டு கிளம்பிடுங்க.

20 சதவீத எத்தனால் பெட்ரோல் போட்டா பழைய வண்டி கெட்டுப் போகுமா?
(நிறைய பேர்)

உடனே கெடாது, நிறுத்தி வெச்சாதான் கெடும். எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பைப், கேஸ்கெட், ஃப்ளோட் ஊசியோட நுனி இதெல்லாம் அதுக்குன்னு செஞ்சது இல்ல, உப்பும், விரிசல் விடும். டேங்க் உள்பக்கம் பழைய சீலர் பூசியிருந்தா அது தோல் தோலா உரிஞ்சு வரும். அதனால வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டுங்க. மாசக் கணக்குல நிறுத்தப் போறீங்கன்னா பெட்ரோல் டேப்பை மூடிட்டு இன்ஜின் தானா நிக்கற வரைக்கும் ஓட விடுங்க, கார்ப்பரேட்டர் காலியாயிடும். எத்தனாலுக்கு தாங்கற பைப் கடைல கிடைக்குது, மீட்டர் கணக்குல வாங்கி மாத்திருங்க. எத்தனால்ல கொஞ்சம் லீன் ஆகும், அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் பத்தாது, பிளக் வெளுப்பா இருந்தா மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏத்திப் பாருங்க.

புல்லட் டேங்க்ல இருக்கற தங்கக் கோடு, ஸ்டிக்கர் ஒட்டிக்கலாமா?
(வாசகர், வேலூர்)

ஒட்டிக்கலாம், யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க. ஆனா திருவொற்றியூர் என்ஃபீல்ட் ஃபேக்டரில அந்த கோட்டை கையாலயே போட்டாங்க, பிரஷ்ஷை தொட்டு டேங்க் வளைவோடயே ஒரே இழுப்பு. அதனால பழைய டேங்க்க உத்துப் பாத்தா கோடு ஒரு இடத்துல மயிரிழை தடிப்பா இருக்கும், முடியற இடத்துல லேசா வாலு மாதிரி சுருங்கும். ஸ்டிக்கர்ல அது வராது, பத்தடில நின்னே தெரிஞ்சுரும். உங்க டேங்க்ல பழைய கோடு பாதியாவது இருந்தா பெயின்ட்டே அடிக்காதீங்க, பாலிஷ் போட்டு விட்ருங்க. சிலருக்கு இது பிடிக்காது, துருவோட ஓட்டறதா ஃபேஷன்னு கேப்பாங்க. எனக்கு அதுதான் பிடிக்குது.

பேட்ஜ், நட்டு, வாஷர் எதையும் தூக்கிப் போடாதீங்க. பழைய பார்ட்ஸ் கடைங்க இருக்கற சென்னை புதுப்பேட்டைல தேடினாலும் அதே அளவு, அதே தலை வெச்ச போல்ட் கிடைக்க நாலு ஞாயித்துக்கிழமை ஆகும். தயிர் டப்பால போட்டு மேல பேர் எழுதி வைங்க, "முன் மட்கார்டு, இடது" அப்படின்னு. எழுதலேன்னா ஆறு மாசம் கழிச்சு உங்க கையெழுத்து மட்டும் இல்ல, உங்க வண்டியே உங்களுக்கு தெரியாது.

எங்க வீட்டுக்காரர் மூணு பைக்கை பிரிச்சு ஹால்ல, பால்கனில, கட்டிலுக்கு கீழ போட்டு வெச்சிருக்கார். நாலு வருஷமா ஒண்ணுகூட ஓடல. உங்க பத்தியை தவறாம படிக்கறார், நீங்க சொன்னா கேப்பார்.
(பேர் வேண்டாம், தாம்பரம்)

சார், படிக்கறீங்கள்ல. மூணுல எதுக்கு ஆர்சி உயிரோட இருக்கோ அதை மட்டும் வெளிய எடுங்க, மத்த ரெண்டையும் மூட்டை கட்டி மொட்டை மாடில வைங்க, தார்ப்பாய் போட்டு. அந்த ஒண்ணு ஓடற வரைக்கும் புதுசா ஒரு வாஷர்கூட வாங்கக் கூடாது. முதல் ரவுண்டு உங்க வீட்டம்மாவை பின்னாடி உக்கார வெச்சு போங்க, பழைய புல்லட்டா இருந்தா பிரேக் இடது கால், கியர் வலது கால், நாலு வருஷத்துல மறந்திருக்கும்.

அம்மா, கட்டிலுக்கு கீழ இருக்கறது கிராங்க்கா இருந்தா கொஞ்சம் ஆயில் தடவி பாலிதீன்ல சுத்தி வெக்கச் சொல்லுங்க, தரைல ஈரம் ஏறும்.